மூன்று எடையும் ஒரு மூச்சும்

காது மேடம் ஆட்களை ஏமாற்றித்தான் பிழைப்பு நடத்துகிறாள். அதை அவள் மறைப்பதும் இல்லை. வீட்டுக்கு வந்து சிரிக்கச் சிரிக்கச் சொல்லவும் செய்வாள்.

ஆஸ்பத்திரியில் காது பரிசோதனைக்கு அவள் ஒருத்திதான். கண்ணாடிச் சன்னல் வைத்த, சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைப்பாள். தலையில் ஹெட்போனை மாட்டுவாள். கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, எவ்வளவு மெல்லிசாகச் சத்தம் கேட்டாலும் அமுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். வெளியே மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, ஏதோ விசையைத் தட்டுவதுபோல விரலை ஆட்டுவாள். உண்மையில் ஒரு சத்தமும் அனுப்பமாட்டாள். உள்ளே இருக்கும் மனிதர் நெற்றியைச் சுருக்கி, காதைத் தீட்டிக்கொண்டு, கடைசியில் பட்டனை ஓங்கி அமுக்குவார். அமுக்கிவிட்டு ஒரு பெருமிதச் சிரிப்பும் சிரிப்பார்.

இது அவளுடைய தொழில் தந்திரம். எவர் உண்மையாகக் கேட்டு அமுக்குகிறார், எவர் பாஸாக வேண்டும் என்ற ஆசையில் அமுக்குகிறார் என்று இதில் தெரிந்துவிடும். மருமகள் எதிரே மானம் போய்விடக் கூடாது என்று அமுக்கும் மாமனார்கள், வேலை போய்விடக் கூடாது என்று அமுக்கும் காவலாளிகள், சும்மா உட்கார முடியாமல் அமுக்குகிறவர்கள் என்று எத்தனையோ பேரை அவள் பார்த்துவிட்டாள். ஒவ்வொருவரிடமும் கதவைத் திறந்து ஒரே வசனத்தைத்தான் சொல்வாள்: "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க."

இந்தக் கதைகளை எல்லாம் சாப்பாட்டு மேசையில் கேட்பவர் அவள் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊர் முழுக்க அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும், அவளும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். வாழ்க்கையில் பாதி நாளை ஜன்னல் திறந்த காரில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே, "பிரேக், பிரேக்" என்று கத்தியே கழித்தவர். வீட்டிலும் அந்தக் குரல்தான். அவள் என்ன சொன்னாலும் "ம்" என்பார். கட்டியவர் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருப்பதை எந்தப் பெண்டாட்டியும் அதிசயமாக நினைப்பதில்லை. அவளும் நினைக்கவில்லை.

அவளுக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம் முன்னறையில் இருந்த ரெக்கார்டு பிளேயர். மாஸ்டருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. அடுப்பில் எண்ணெய் பொரிகிற சத்தத்தைக் கேட்பதற்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கிண்டலடிப்பார். அவள் கண்டுகொள்ளமாட்டாள். வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, ஒரு குறிப்பிட்ட ரெக்கார்டைப் போட்டு உட்காருவாள். ஒரு பெண் பாடுவாள். முதல் சரணம் முடிந்து வயலின் ஓயும். அடுத்த சரணம் எடுப்பதற்கு முன்னால் பாடுகிறவள் ஒரு மூச்சு இழுப்பாள். ரொம்பச் சின்ன மூச்சு. பாட்டைவிட அந்த மூச்சுதான் காது மேடத்துக்குப் பிடிக்கும். அந்தப் பெண் அறைக்குள் வந்து தன் பக்கத்தில் நின்று மூச்சு இழுப்பதுபோல இருக்கும் அவளுக்கு.

கொஞ்ச நாளாக அந்த மூச்சைக் காணவில்லை.

குரல் கம்பளிக்குள் போட்டு மூடினாற்போல மந்தமாக வந்தது. ரெக்கார்டைத் துடைத்துப் பார்த்தாள். ஊசியைத் துடைத்தாள். ஒயர்களைப் பிடுங்கி மறுபடி மாட்டினாள். பிளேயரில் ஊசியைத் தாங்கும் கைக்குப் பின்னால் பாட்டில் மூடி போல ஒரு உருண்டை எடை திருகியிருக்கும். கவுண்டர்வெயிட் என்பார்கள். அதை முன்னால் திருகினால் ஊசி ரெக்கார்டின்மேல் அழுத்தி உட்காரும், பின்னால் திருகினால் லேசாக உட்காரும். எவ்வளவு அழுத்தம் என்று காட்ட அதன் முகப்பில் எண் போட்ட வளையம் ஒன்று உண்டு. குனிந்து பார்த்தாள். இரண்டு கிராம். அவள் எப்போதோ வைத்த அதே எண்.

ஆக எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. தலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டைத் தவிர.

ஐம்பதைத் தாண்டியவள் அவள். மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும் என்று தினமும் நாலு பேருக்குச் சொல்கிறவள். தன் காதைச் சோதிக்க வேண்டும் என்றால் டாக்டரிடம் சொல்லி வேறொரு இடத்துக்குப் போக வேண்டும். தானே மெஷினைத் தட்டித் தானே கேட்பது, கேள்வித்தாளைத் தானே எடுத்துத் தானே பரீட்சை எழுதுவதற்குச் சமம். காது போய்விட்டது என்று தாளில் வந்துவிட்டால் அந்த மூச்சும் போச்சு, கண்ணாடிச் சன்னலும் போச்சு. காது கேட்காதவளிடம் காதைக் காட்ட யார் வருவார்கள்? அதனால் கோளாறு அந்தப் பின்பக்க எடையில்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தாள். தீர்மானித்தாள் என்ன, உள்ளுக்குள் கெஞ்சினாள்.

ரெக்கார்டு கடை வைத்திருப்பவரை எல்லாரும் ஊசிக்காரர் என்பார்கள். காது மேடம் வாயைத் திறந்து "கவுண்டர்வெயிட்" என்றதுமே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கம்பெனி போட்டுத் தரும் எடையின் உள்ளே ரப்பர் இருக்கிறது, நாளாக ஆக அது ஆட்டம் கண்டுவிடும் என்றார். கனமான எடை போட்டால் அது கை திரும்பும் அச்சுக்குப் பக்கத்திலேயே உட்காரும், நெளிந்த ரெக்கார்டிலும் கை அலட்டிக்கொள்ளாமல் ஏறி இறங்கும் என்றார். இதுவரைக்கும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கப்புறம் மேசைமேல் மூன்று எடைகளை வரிசையாக வைத்தார், நியாயம் எழுந்து வெளியே போய்விட்டது. ஸ்டீல் போட்டால் குரல் பளிச்சென்று இருக்கும். பித்தளை போட்டால் கதகதப்பாக இருக்கும். டங்ஸ்டன் போட்டால் எப்படி இருக்கும் என்று அவர் சொல்லவே இல்லை, கண்ணை மூடி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமைவரை மூன்றையும் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்துவிட்டு, பிடித்ததை வைத்துக்கொள்ளலாம் என்று டப்பாவில் போட்டுக் கொடுத்தார். கூடவே தீப்பெட்டி அளவுக்கு ஒரு தராசு. ஊசி எத்தனை கிராம் அழுத்துகிறது என்று அதன்மேல் ஊசியை இறக்கினால் சொல்லிவிடும்.

"இப்ப எவ்வளவு காட்டுதுன்னு அளந்து பாத்தீங்களா மேடம்?"

"பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு" என்று கூசாமல் பொய் சொன்னாள். அளந்து பார்த்து எல்லாம் சரி என்று வந்துவிட்டால் மிச்சம் இருப்பது அவளுடைய இரண்டு காதும்தானே.

டப்பாவைத் திறந்து பார்த்த மாஸ்டருக்குக் கொண்டாட்டம். தாள் பறக்காமல் இருக்க வைக்கிற குண்டுகளா என்று கேட்டார். ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து, இது பாடமாட்டேன் என்கிறதே என்றார். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டாலும் எது எது என்று தன்னால் சொல்ல முடியும் என்றாள். அதற்காகவே காத்திருந்தவர் போல மாஸ்டர் கையை நீட்டி, அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். சொல்ல முடியாவிட்டால் மூன்றும் கடைக்குத் திரும்பிப் போக வேண்டும், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரீட்சை. கண்காணிக்க மாஸ்டரின் தங்கையே வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். பரீட்சை ஹாலில் ஒரு பையன் மூக்கைச் சொறிந்தாலும் பக்கத்தில் போய் நிற்கிற ரகம். வந்ததும் வராததுமாக அண்ணியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வைத்தாள். குளிக்கிற துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றி இரண்டு சுற்றுக் கட்டினாள். சுவரைப் பார்த்து உட்காரவைத்து, திரும்பினால் ஃபெயில் என்று எச்சரித்தாள்.

துண்டுக்குள் காது மேடத்துக்கு வியர்த்தது. இருவரும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குத்தான் தெரியும், இது எடைக்கு வைத்த பரீட்சை இல்லை.

பின்னால் உலோகம் உரசும் சத்தம் கேட்டது. மாஸ்டர் தொண்டையைச் செருமினார். ஊசி இறங்கியது. அதே கம்பளிக் குரல். வயலின் ஓய்ந்தது, மூச்சு இல்லை, அடுத்த சரணம் வந்துவிட்டது.

"இது பழசு மாதிரியே மந்தமா இருக்கு. ஸ்டீலா இருக்கும்" என்றாள்.

மறுபடி திருகும் சத்தம். இரண்டாம் முறை குரல் மெலிந்து, உயர்ந்த இடங்களில் எல்லாம் கொரகொரவென்று கிழிந்தது. இது பித்தளை, எனக்கு வேண்டவே வேண்டாம் என்றாள். பின்னால் நாத்தனார் சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. மூன்றாம் முறை திருகும் சத்தம் கொஞ்சம் நீண்டது. ஊசி இறங்கியது. முதல் அடியிலேயே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் கம்பளியை உதறிவிட்டு வெளியே வந்திருந்தது. முதல் சரணம் முடிந்தது. வயலின் ஓய்ந்தது.

அந்தப் பெண் மூச்சு இழுத்தாள்.

"இதுதான்" என்றாள் காது மேடம். "டங்ஸ்டன். இதுதான் எனக்கு வேணும்."

துண்டை அவிழ்த்துக் கண்ணாடியை மாட்டினால், மூன்று எடைகளும் டப்பாவுக்குள் அப்படியே சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. பிளேயரின் பின்னால் இருந்தது பழைய எடை. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, மனைவியின் வசனத்தையே எடுத்து அவளிடம் திருப்பிவிட்டார்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க, மேடம். மூணு தடவையும் அதே பழசுதான்."

அவளுக்கு நன்றாகவே மூக்கு உடைபட்டது. வேறு நாளாக இருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள், நல்ல தந்திரம் என்று மெச்சிக்கூட இருப்பாள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் அந்த மூச்சு? இல்லாத சத்தத்துக்குப் பட்டனை அமுக்கியிருக்கிறாள். மானம் போகும் என்று பயந்த மாமனார்களைப் போல, வேலை போகும் என்று பயந்த காவலாளிகளைப் போல. போயே போய்விட்டது காது என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சட்டென்று ஒன்று உறுத்தியது. எதுவும் மாற்றவில்லை என்றால் திருகும் சத்தம் எப்படி வந்தது? கேட்டாள்.

"சும்மா நின்னா நீ கண்டுபிடிச்சுட மாட்டியா?" என்றார் மாஸ்டர் பெருமையாக. முதல் தடவை டப்பாவைச் சும்மா உருட்டியதாகச் சொன்னார். அடுத்த இரண்டு தடவையும் தத்ரூபமாக இருக்கட்டும் என்று பழைய எடையையே நிஜமாகக் கழற்றி மாட்டினாராம். எதுவரைக்கும் திருகி மாட்டினீர்கள் என்றாள். கைக்கு வந்தவரைக்கும் என்றார்.

அவள் எழுந்து போய்த் தராசை எடுத்தாள். ஊசிக்காரர் கேட்டபோது அளக்காததை இப்போது அளந்தாள். ஊசி இரண்டு கிராமுக்குத் துளி குறைவாக அழுத்தியது. கம்பெனி சொல்லும் கணக்கும் ஏறக்குறைய அதுதான். மாஸ்டரின் குருட்டுக் கை மூன்றாம் முறை தானாகவே சரியான இடத்தில் போய் நின்றிருந்தது.

"எனக்கே ரெண்டாவது தடவை கொரகொரன்னுதான் இருந்துச்சு, அண்ணி" என்றாள் நாத்தனார். "ரெக்கார்டு பழசு போலன்னு விட்டுட்டேன்."

எடை ஒன்றுதான், திருகிய இடம் மூன்று. இரண்டாம் முறை ஊசி ரெக்கார்டை ஒழுங்காகத் தொடவே இல்லை. மூன்றாம் முறை சரியாக உட்கார்ந்தது. அவள் இல்லாததைக் கேட்கவில்லை. மூச்சு நிஜம். காது மேடத்துக்கு அந்த இடத்திலேயே துண்டைச் சுற்றிவிட்டு ஆட வேண்டும்போல இருந்தது.

ஆடவில்லை. இன்னும் ஒரு கணக்கு இடித்தது. முதல் தடவை மாஸ்டர் எதையும் தொடவே இல்லை. அப்படியும் குரல் மந்தமாகத்தான் வந்தது. அதாவது இத்தனை நாளும் ஊசி அளவுக்கு மீறி அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது, எண் மட்டும் இரண்டு என்று சாதித்திருக்கிறது. எடையின் முகப்பில் இருக்கும் அந்த வளையம், எடையை அசையாமல் பிடித்துக்கொண்டால் தனியாகச் சுற்றும். ஆனால் யாராவது சுற்றினால்தான் சுற்றும். எடையை முன்னால் திருகிவிட்டு, எண்ணை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து யாரோ அவள் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர்.

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். நாத்தனார், காப்பியடித்தவனின் மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்பதுபோல, அண்ணனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை அவர். அசடு வழிந்துகொண்டே எல்லாவற்றையும் கக்கிவிட்டார். மத்தியானத்தில் கார் கற்றுக்கொள்ள ஆள் வருவதில்லை. வீட்டுக்கு வந்து, அவள் வருவதற்குள், அந்த ரெக்கார்டைப் போட்டுக் கேட்பாராம். தினமும். எண்ணெய் பொரிகிற சத்தம் என்று ஊர் முழுக்கச் சொன்ன மனிதர்.

"கிண்டல் பண்ணின வாயால நல்லா இருக்குன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

அவள் துண்டை முறுக்கி அவர் முதுகில் நாலு போட்டாள். அவர் வாங்கிக்கொண்டு சிரித்தார். நாத்தனார் இன்னும் நாலு போடச் சொன்னாள். வீடே கலகலத்தது. காது பிழைத்தது, வேலை பிழைத்தது, டங்ஸ்டனும் வேண்டாம், பித்தளையும் வேண்டாம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே அவள் சும்மாதான் கேட்டாள், பாட்டு கேட்பது சரி, எடையை எதற்கு நோண்டினீர்கள் என்று.

"சத்தம் கம்மியா இருந்துச்சும்மா. வால்யூமைக் கூட்டினா மேல் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுறாரு. ஊசி கொஞ்சம் அழுத்தி உக்காந்தா நல்லாக் கேக்குமேன்னு திருகிவிட்டேன்."

துண்டைத் தோளில் போட்ட கை அப்படியே நின்றது. மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்கு வைத்தும் இவருக்குக் கம்மியா?

"இப்ப மூணு தடவை போட்டீங்களே. ரெண்டாவதுல கிழிஞ்சது, மூணாவதுல தெளிஞ்சது. உங்களுக்கு எதுவும் வித்தியாசம் தெரியலையா?"

"எனக்கு மூணும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. அதே எடைதானே?" என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பி ரெக்கார்டை உறைக்குள் போட ஆரம்பித்தார்.

அவர் முதுகைப் பார்த்தபடி காது மேடம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, ஃபேன்ல பாம்பு தொங்குது."

"ம்" என்றார் மாஸ்டர்.

நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். ஊரில் உள்ள காதெல்லாம் பார்த்தவள், பக்கத்தில் படுத்திருந்த இரண்டு காதைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக அந்த "ம்" எல்லாம் அலட்சியம் என்று நினைத்துச் சண்டை போட்டிருக்கிறாள். எத்தனை "ம்" கேட்டுச் சொன்னது, எத்தனை "ம்" கேட்காமல் சொன்னது என்று இனிமேல் எப்படிப் பிரிப்பது? அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பாவமாகவும் வந்தது.

மறுநாள் காலை மூன்று எடைகளையும் ஊசிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். தராசை மட்டும் விலைக்கு எடுத்துக்கொண்டாள். ஊசிக்காரர் டங்ஸ்டனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இதையுமா வேண்டாம் என்கிறீர்கள் என்று அங்கலாய்த்தார். அங்கிருந்து நேரே மாஸ்டரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழி நெடுக அவர், தனக்கு ஒன்றும் இல்லை, பின்னால் வருகிற சைக்கிள் மணிகூடக் கேட்கும் என்று பீற்றிக்கொண்டே வந்தார். பின்னால் சைக்கிள் ஒன்று மணியடித்து அடித்துச் சலித்து, அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார். ஹெட்போன் அவர் தலைக்குப் பெரிதாக இருந்தது. பட்டனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல்முறை ஸ்டியரிங் பிடிக்க வருகிறவர்கள் அவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். இந்தத் தந்திரத்தை இவரிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள், இவரே நேற்று தன்மேல் ஏவியும் விட்டாரே என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. தெரிந்தவரிடம் பலிக்காது. வழக்கத்தை விட முடியாமல்தான் விசையின்மேல் விரலைச் சும்மா ஆட்டினாள்.

மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார். தலையைச் சாய்த்தார். கண்ணை இறுக மூடினார். பிறகு பட்டனை ஓங்கி அமுக்கிவிட்டு, கேட்டுவிட்டது என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அவள் கதவைத் திறக்கவில்லை. அந்த வசனத்தைச் சொல்லவும் இல்லை. கண் கலங்கிக்கொண்டு வந்தது, அதை அவர் பார்த்துவிடாமல் மெஷின் பக்கம் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது, சரிதான் என்று அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்துக்கொண்டு, முதல் ஒலியை அனுப்பினாள்.